ஓசூர் டு ஓலைக்குடா: தண்ணிக்குள்ள தலையை விட்ட கதை!

“ராமேஸ்வரம் போறியா? தீர்த்தமாடவா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா. கடலுக்குள்ள மூஞ்சிய விட்டு மீன் பாக்க.”

அம்மா அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மீன் பாக்க அவ்வளவு தூரம் எதுக்குடி? ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனா தட்டு தட்டா வெச்சிருக்காங்க. அப்படியே அரைக்கிலோ வாங்கிட்டும் வரலாம்.”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் உறவு. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கொஞ்ச தூரம் வடக்கே போனால் கர்நாடகா. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ரோஜா உண்டு, மாம்பழம் உண்டு, ராகி உண்டு, கிரானைட் குவாரி உண்டு. 1970-களில் சிப்காட் வந்த பிறகு வேலையும் உண்டு. கடல்தான் இல்லை. கடல் நுரை வேண்டுமானால் கிடைக்கும். தென்பெண்ணையில் பெங்களூர்க் கழிவு கலந்து வரும் நாட்களில், கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை ஆள் உயரத்துக்கு எழும்பும். டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் இன்னொரு பயமும் உண்டு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தப்பா மகன் எங்கள் கிணற்றில் விழுந்து போய்விட்டான். என்னைவிட ஒரு வயது சின்னவன். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரையும் கிணற்று மேட்டுக்குக்கூட விடவில்லை. நீச்சல் கற்றுக்கொடுத்தால் பயம் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. தலையில் மொண்டு ஊற்றிக் குளிக்கும்போதுகூட நான் கண்ணை மூட மாட்டேன்.

அப்படிப்பட்ட நான் 38 வயதில் கடலுக்குள் முகத்தை விட்டதற்குக் காரணம் என் சிநேகிதி.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். 17 வருஷம் ஆகிறது. தரம் பார்க்கும் பிரிவு. காலை முதல் மாலை வரை லென்ஸ் வைத்த விளக்கின் கீழ் சின்னச் சின்ன உலோக பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று. பழுது இருந்தால் சிவப்பு டப்பா, இல்லாவிட்டால் பச்சை டப்பா. வீட்டுக்கு வந்தால் தோசையைக்கூட அப்படித்தான் திருப்பிப் பார்க்கிறேன் என்று என் மகன் கிண்டல் செய்வான்.

ஹாஸ்டலில் அவளும் நானும் ஒரே அறை. அவளுக்கு ஊர் பாம்பன் பக்கம். முதல் மாதம் ஓசூர்க் குளிரில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு அழுதாள். எனக்கு ராகிக் களி, அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு. அவள் பார்சலைப் பிரித்தால் பக்கத்து அறை கன்னடப் பெண்கள் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். பின்னாளில் அதே பெண்கள் கருவாடு எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தது தனிக்கதை.

கடற்கரைப் பெண், நீந்துவதில் மீனாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்கு, “எனக்கு நீச்சலே தெரியாதுடி” என்றாள். நம்ப முடியவில்லை. “எங்கம்மா என்னைய கணுக்காலுக்கு மேல தண்ணிக்குள்ள விட்டதில்ல. நான் எறங்குனா நீயும் எறங்கிருவ, அப்புறம் ஏற மாட்டன்னு சொல்லும்” என்றாள்.

அவள் அம்மா கடல் பாசி எடுப்பவர். முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குள் மூழ்கி மூழ்கிப் பாசி பிடுங்கித்தான் மகளை ஐ.டி.ஐ படிக்க வைத்தார். போன வருஷம் மூட்டும் காதும் முடியாமல் நிறுத்திவிட்டார். அதைச் சொன்ன அன்றுதான் இவள் திடீரென்று, “அம்மா அத்தன வருஷமா கீழ என்னத்தப் பாத்துச்சுன்னு நான் ஒரு தடவகூடப் பாக்கல. நீ வர்றியா?” என்று கேட்டாள். போன் வீடியோவில் ஸ்நார்க்கெலிங் காட்டினாள். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய். தண்ணீர் மேலேயே குப்புற மிதக்கிறார்கள். ஆழத்தில் மூழ்க வேண்டியதில்லை, சிலிண்டர் இல்லை, லைஃப் ஜாக்கெட் உண்டு, நீச்சல் தெரியாவிட்டாலும் கூட ஆள் வருவார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

மார்ச் முதல் வாரம், இரண்டு நாள் விடுப்பு, ஒரு ஞாயிறு. ஓசூரில் இரவு பஸ் ஏறினோம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சேலத்தில் டீ குடித்து, மதுரையில் தூக்கம் கலைந்து, ராமநாதபுரம் தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. 550 கிலோமீட்டருக்கு மேல். ஜன்னலோரம் பனை, உடைமரம், உப்புக் காற்று. உச்சிப்புளி தாண்டியதும் அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். ஊர் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

பாம்பன் பாலத்தை எத்தனை முறை போட்டோவில் பார்த்தாலும் நேரில் பார்ப்பது வேறு. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். கீழே 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம். அதன் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். இருபுறமும் கடல். ஆனால் இரண்டும் ஒரே கடல் இல்லையாம். “தெக்க இருக்கே, அது மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்க இருக்கறது பாக் கடல், பொம்பளக் கடல்” என்றாள். ஒன்று சீறும், ஒன்று சாந்தமாக இருக்கும். “பொம்பளக் கடல் எப்பவும் சாந்தமா?” என்று கேட்டேன். “வாடைக் காத்துல வந்து பாரு, அப்பத் தெரியும்!” என்று சிரித்தாள். வாடை ஓய்ந்த மாதம் என்பதால்தான் மார்ச்சில் என்னைக் கூட்டி வந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார். “வாத்தா, வா. ஓசூர்ப் பிள்ளையா? இம்புட்டு ஒல்லியா இருக்க, கடல் தூக்கிட்டுப் போயிரப் போகுது” என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் தமாஷாகத்தான் சொன்னார்.

சாப்பாடு ஆனதும் ஒரு பழைய பையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். உள்ளே கண்ணை மட்டும் மூடும் ஒரு பழைய கண்ணாடி, ரப்பர் வார் வெடித்துப்போய் நூலால் கட்டியிருந்தது. விரலில் சுற்றிக்கொள்ளும் துணிக் கிழிசல்கள். காலில் கட்டிக்கொள்ளும் இரண்டு அலுமினியத் தட்டுகள், ரப்பர் செருப்போடு சேர்த்துக் கட்டியது. பார் மேல் கால் பட்டால் கிழிக்கும் என்பதற்காகவும், தண்ணீரைத் தள்ளுவதற்காகவும். பவளப்பாறையை அங்கே ‘பார்’ என்றுதான் சொல்கிறார்கள். புடவைக்கு மேல் ஒரு பழைய சட்டை. அவ்வளவுதான் அவருடைய நீச்சல் உடை.

விடிவதற்குள் படகில் போய், இடுப்பளவு ஆழத்திலிருந்து ஆள் மூழ்கும் ஆழம் வரை மூச்சடக்கி இறங்கி, பாறையோடு ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டு மேலே வருவது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். “மூச்ச எண்ணுவாகளா?” என்றார்.

அவர் எடுத்தது மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி. பூக்கடை மரிக்கொழுந்தின் தழைபோல இருப்பதால் அந்தப் பெயராம், வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நாம் சைனா கிராஸ் என்று வாங்கிப் பாலில் காய்ச்சிக் கட்டியாக்கிச் சாப்பிடுகிறோமே, அதேதான். நோன்புக் காலத்தில் எங்கள் எதிர் வீட்டிலிருந்து ரோஸ் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக வரும். இனி அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த அலுமினியத் தட்டுகள்தான் ஞாபகம் வரும்.

கொரியாவின் ஜேஜு தீவில் இப்படி மூழ்கிக் கடல் பொருள் எடுக்கும் பெண்களுக்கு ‘ஹேன்யோ’ என்று பெயர். அவர்களுடைய வாழ்க்கை முறையை 2016-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர்களை வைத்து சினிமா, சீரியல் எல்லாம் வந்துவிட்டன. நம் ராமநாதபுரத்துப் பாசிப் பெண்களை நமக்கே தெரியாது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ விருது கிடைத்தது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பாசி மறுபடி வளர நேரம் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அவர்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளுக்குப் போகக் கட்டுப்பாடு வந்தது. கடலைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆனால் அதே கடலில் கஞ்சிக்கு வழி தேடியவர்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிட்டார்கள். “கார்டு வந்தா பாசியத் தண்ணிக்குள்ளயே கொட்டிட்டு வந்துருவோம். அன்னைக்குக் கூலி போச்சு” என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“இப்ப நீங்க காசு குடுத்து அதே தண்ணிக்குள்ள பாக்கப் போறீக. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா பாக்க!” என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிநேகிதி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் தமிழில் ‘முத்துக்குளித்தல்’, ‘சங்கு குளித்தல்’ என்றுதானே சொல்கிறோம். குளிப்பது என்றால் மூழ்குவது. கொற்கை முத்தைப் பற்றி எழுதிய முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பு, தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக்குளிக்கிறார்கள் என்று சொல்கிறது. இந்தக் கடலுக்குள் தலையை விட்டவர்கள் எல்லாம் எதையாவது எடுத்து வரத்தான் விட்டார்கள். ரசிக்கவென்று விட்டவர்கள் நேற்று வந்தவர்கள்.

மறுநாள் காலை ராமேஸ்வரம் கோயிலைத் தாண்டி ஓலைக்குடா. கலங்கரை விளக்கம், வலை உலர்த்தும் மணல், சின்னச் சின்னப் படகுகள். இது வடக்குப் பக்கம், பொம்பளக் கடல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, கரைக்கு இணையாக நீளமாகப் பார் போகிறது. தீவுகளுக்குப் போகிற தூரமோ ஆழமோ வேண்டாம். அம்மாவும் கூட வந்தார். “வேடிக்க பாக்குறேன்” என்றார்.

கூட வந்த தம்பி அந்த ஊர்க்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டினார். மாஸ்க்கைக் கையில் கொடுத்து, “துப்புங்க அக்கா” என்றார். எனக்குப் புரியவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாதாம். ஆயிரக்கணக்கில் விலை உள்ள மாஸ்க்குக்கும் இதுதான் வைத்தியம்!

மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். வாயால் மட்டுமே மூச்சு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி முகத்தை உள்ளே விட்டேன். இரண்டு வினாடி. கிணறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தலையைத் தூக்கி, குழாயைத் துப்பி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன். மறுபடி. மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை உப்புத் தண்ணீர் குழாய்க்குள் போய் இருமல். “எனக்கு வேண்டாம், நீ போய்ட்டு வா” என்றேன் அவளிடம்.

அவளும் போகவில்லை. அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். என் பின்கழுத்தில் கையை வைத்தார். உள்ளங்கை மரக்கட்டைபோல் இருந்தது. “நீ மூச்ச அடக்குற பிள்ள. அதான் பயம் வருது. நாங்கதான் அடக்கணும், ஒனக்குத்தான் குழாய் இருக்கே! உள்ளுக்க விடறத விட்டுரு, வெளிய ஊது. நெருப்பு ஊதுற மாதிரி மெல்ல ஊது. உள்ளுக்க தானா வரும்.”

ஊதினேன். தானாக வந்தது. இன்னொரு தடவை ஊதினேன். குழாய்க்குள் என் மூச்சே குறட்டைபோலக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கால் தரையை விட்டுவிட்டது என்பதும் தெரியாது. உப்புத் தண்ணீர் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. 29 வருஷப் பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

முதலில் மணல், வரிவரியாக. பிறகு புல்வெளி. நிஜமாகவே புல்! கடல்புல் என்று பெயர், பூத்துக் காய்க்கும் தாவரம். அலைக்கு ஏற்றபடி மொத்த வயலும் இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் சாய்கிறது. எங்கள் ஊர் ராகி வயலில் காற்று போனால் இப்படித்தான் இருக்கும். இந்தப் புல்லைத்தான் ஆவுளியா, அதாவது கடல் பசு, மேய்ந்து வாழ்கிறது. அதற்காகவே 2022-இல் பாக் நீரிணையில், இங்கிருந்து வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நான் பார்த்த வயலில் பசு இல்லை. விரல் நீளத்தில் மீன் குஞ்சுகள் ஒரு கூட்டமாக ஒரே நேரத்தில் திரும்பின, யாரோ விசில் அடித்ததுபோல.

பிறகு பார் வந்தது. மூளைபோல மடிப்பு மடிப்பாக ஒன்று, தேன்கூடுபோல ஒன்று, மான்கொம்புபோல ஒன்று. பழுப்பு, இளம்பச்சை, ஓரத்தில் மட்டும் ஊதா. இதைப் பாறை என்று சொன்னாலும் உயிருள்ளது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு பாலிப் என்ற குட்டி உயிரினங்கள் கூட்டுக் குடும்பமாகச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அதன் உடம்புக்குள்ளேயே நுண்பாசி குடியிருந்து வெயிலில் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவில் பெரிய வெளுப்புகள் நடந்திருக்கின்றன. நான் பார்த்த இடத்திலும் ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் சாம்பல் நிறத்தில் செத்த பார். வேலைப் பழக்கம், கண் முதலில் பழுதுக்குத்தான் போனது.

ஆனால் சிவப்பு டப்பா இல்லையே! செத்த பாறையின் மேலேயே நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன் வந்து நறுக் நறுக்கென்று கடித்தது. சத்தம் கேட்டது, சத்தியமாகக் கேட்டது! பாறையில் உள்ள பாசியைத் தின்பதற்காகச் சுண்ணாம்பையும் சேர்த்துக் கடித்து, அரைத்து, மணலாக வெளியே விடும். நாம் கால் புதைய நடக்கும் வெள்ளை மணலில் கொஞ்சம் இப்படி வந்ததுதான். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியாக. ஓரா மீன் கூட்டம் ஒன்று. கையை நீட்டினால் எட்டவில்லை. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியுமாம். எட்டாததும் நல்லதுதான். தொடவே கூடாது, பாரின் மேல் நிற்கவும் கூடாது. ஒரு கால் வைத்தால் பல வருஷ வளர்ச்சி நொறுங்கும்.

நொறுக்கிய காலமும் இருந்தது. சுண்ணாம்புச் சூளைக்கும் வீடு கட்டவும் இந்தப் பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பார் இல்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவு என்று இன்றும் எண்ணுவதில் இந்த இரண்டும் சேர்த்திதான். 2001-இல் பவளங்களைப் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியலில் வைத்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டிவைத்து நாற்று நடுவதுபோல நட்டு வளர்க்கிறார்கள்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் மகன், ஷிஃப்ட், வீட்டுக் கடன், ஒன்றும். ஒருவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். திரும்பினால் என் சிநேகிதி. மாஸ்க்குக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது. கீழே கை காட்டினாள். பாறையோரம் குட்டைக் குட்டையாகப் புதர்போல ஒரு பாசி. நான் தலையாட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு மிதந்தாள். மீன் எல்லாம் பக்கத்தில் வந்து போனது. அவள் பாசியைத்தான் பார்த்தாள்.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தது. “லீக் ஆகுதா அக்கா?” என்று தம்பி கேட்டார். “ஆமா” என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அழைத்துப்போகிறேன் என்பவரோடு போகாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். காற்று எப்படி இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. காலையில் சீக்கிரம் போவது நல்லது. இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சன்ஸ்க்ரீன் பூசுவதைவிட முழுக்கை சட்டை போடுவது மேல். சில க்ரீம்களில் உள்ள ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்கே தடை. சிப்பியோ பவளத் துண்டோ எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்குத் தண்ணீரில் இறங்க முடியாவிட்டால், குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய கரையும் அதுதான். காது வலி, மூச்சுத்திணறல், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இனி அன்றைய மிச்சக் கதை.

நாங்கள் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா என் மாஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிலிகான் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். “நல்லா மெத்துன்னு இருக்கு” என்றார். பிறகு எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து தண்ணீருக்குள் போய்விட்டார்.

“அம்மா, காது!” என்று இவள் கத்தினாள். “முங்கல, முங்கல” என்று கையை ஆட்டினார். லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு தம்பி பின்னாலேயே ஓடினார். அதை அவர் போட்டுக்கொள்ளவில்லை, பக்கத்தில் பிடித்துக்கொண்டார். குழாயை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார், திரும்ப வைத்தார். பிறகு குப்புறப் படுத்தார். புடவை தண்ணீர் மேல் விரிந்தது. அப்படியே மிதந்தார். கையும் காலும் அசையவே இல்லை. முதலில் எங்களுக்குப் பயமாகிவிட்டது. குழாய் நுனியிலிருந்து சீராக மூச்சுச் சத்தம் கேட்பதாகத் தம்பி கை காட்டினார்.

இருபது நிமிஷமாவது இருக்கும். வெயில் ஏறிவிட்டது. சிநேகிதி காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தவர் மாஸ்க்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, உதறி, என்னிடம் கொடுத்தார். நெற்றியில் வட்டமாக அச்சு விழுந்திருந்தது.

“என்னம்மா பாத்த?” என்றாள் மகள்.

“அந்தக் கல்லுக்கு மேக்க நல்ல மரிக்கொழுந்து கெடக்கு. ரெண்டு மூட தேறும்.”

“எடுத்தியா?”

“எதுக்கு எடுக்க? பாத்தேன்.” கூந்தலைப் பிழிந்துகொண்டே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். “நீலமா ஒரு மீனு கல்லக் கடிச்சிக்கிட்டே வருது பிள்ள. இம்புட்டு நாளா அங்கனதானே கெடந்தேன், இது இப்பிடிச் செய்யும்னு எனக்குத் தெரியாது.”

அன்று மாலையே நாங்கள் பஸ் ஏற வேண்டும். கருவாடு, நண்டு ஊறுகாய், பனங்கற்கண்டு என்று ஒரு சாக்குப் பை நிறையக் கட்டிக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, “அந்தக் கண்ணாடி என்ன வெலை வரும்?” என்று கேட்டார்.

ஓசூர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறோம். பாதிப் பணம் நான், பாதி அவள். பாம்பன் முகவரிக்குப் போகிறது. டெலிவரி வெள்ளிக்கிழமை என்று காட்டுகிறது.